புதியதோர் ஆற்றுப்படை

ஊர்களையும் நாடுகளையும் கண்டு மகிழ விரும்புதல் மக்கட்கு இயல்பு. ஊரின் எல்லையில் நிற்கும் மலையைப் பார்க்கும் சிறுவன், அதற்கு அப்பால் என்ன உளது என்று வினவுகின்றான். அவ்வினாவே பயணத்தின் வித்து. ஆயினும், விரும்பியவர் அனைவரும் விரும்பிய இடமெல்லாம் சென்றுவிடல் இயலாது. பொருள் உடையார்க்கு ஓய்வு இல்லை. ஓய்வு உடையார்க்குப் பொருள் இல்லை. இரண்டும் உடைய சிலர்க்கோ உடல்நலம் இடந்தருவதில்லை. ஆதலின், சென்று கண்டவர் செல்லாதவர்க்கு எடுத்துக் காட்டும் முறை எல்லா நாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது.

தமிழிலக்கியத்தில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆற்றுப்படை என்னும் நூல்வகையாகும். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக இவ்வகைப் பாட்டு அமையும். வழியில் உள்ள காடு எத்தகையது, மலை எத்தகையது, எவ்வூரில் எவர் வாழ்கின்றனர், அவர் விருந்தினர்க்கு எவ்வுணவை அளிப்பர், எவ்விடத்தில் இடையூறு நேரும் என்பன எல்லாம் அதிற் கூறப்படும். பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய 5 பாட்டுக்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், மலையிடத்தே எழும் பல்வேறு ஓசைகளைத் தொகுத்துரைத்து, கேட்போரை அம்மலைச் சாரலிலேயே நிறுத்திவிடுகின்றது.

ஆற்றுப்படைக்கு இரண்டு இயல்புகள் உள. காணாத ஒன்றைக் கண்டாற்போலக் காட்டுதல் ஒன்று. காட்டியதோடு நில்லாமல், கேட்டவனை எழுந்து நடக்கச் செய்தல் மற்றொன்று. கேட்டவன் நடவாது அங்கேயே அமர்ந்துவிடின், அப்பாட்டினால் அவன் பசி தீர்வதில்லை.

இக்காலத்தில் அறிவியல் புதியதோர் ஆற்றுப்படையை ஆக்கித் தந்துள்ளது. அதனை மெய்நிகர்ப் பயணம் என்பர். கண்களை மூடிக்கொள்ளுமாறு ஒரு கருவியை அணிந்துகொண்டால், இருந்த இடத்தில் இருந்தவாறே எகிப்து நாட்டுக் கூம்பகங்களையும், சீன நாட்டுப் பெருமதிலையும், ஆக்ராவின் தாச்மகாலையும் அருகில் நின்று பார்ப்பது போல் பார்க்கலாம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகின்றது. அண்ணாந்து பார்த்தால் வானம் தோன்றுகின்றது. இக்கருவியின் வரலாறு யாது, அது செயற்படும் முறை யாது, அதனால் விளையும் நன்மைகள் யாவை, அது தர இயலாதன யாவை என்பவற்றைக் கற்பார் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பாவனையும் மணியோசையும்

கருவி புதிது, அதனைத் தோற்றுவித்த வேட்கை பழமையானது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரே அச்சான்றைத் தருகின்றது. அவ்வூரில் பெரியாழ்வாரின் மகளாக வளர்ந்தவர் ஆண்டாள். அவர் திருப்பாவையின் 30 பாசுரங்களைப் பாடிய காலத்தில், தாம் வாழ்ந்த வில்லிபுத்தூரையே கண்ணன் வளர்ந்த ஆய்ப்பாடியாகக் கொண்டார் என்பது வைணவ மரபு. தம் தோழியர் ஆயர் சிறுமியராயினர். வடபத்திரசாயியின் கோயில் நந்தகோபனின் மாளிகையாயிற்று. தாமும் ஆயர்குலப் பெண் ஆனார். யமுனைக் கரையிலிருந்த ஆய்ப்பாடி, பாண்டிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இவ்வாறு எழுந்து நின்றது. இதனைப் பாவனை என்பர் பெரியோர்.

அப்பாவனை எளிதாக வாய்த்ததன்று. கண்ணன் கதையைத் தந்தையாரிடம் கேட்டுக் கேட்டு உள்ளத்தில் ஊறச்செய்திருந்தமையால் வாய்த்தது. மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து, நீராடி, நோன்பு நோற்று, தோழியரையும் துயிலெழுப்பிக் கூட்டிச் சென்றமையால் வாய்த்தது. காண்பதற்கு முன்னரே காட்சிக்குரிய ஆயத்தம் அவர் உள்ளத்தில் நிறைந்திருந்தது. இச்செய்தி இப்பாடத்தின் இறுதிவரை நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே ஊரைப் பற்றி வழங்கும் மற்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் இருந்து ஆட்சிபுரிந்த திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் பேரன்பு பூண்டவர். அங்கே உச்சிக்கால வழிபாடு முடிந்தது என்று அறிந்த பின்னரே அவர் உணவு கொள்வாராம். இடையே உள்ள தொலைவோ ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஆகவே வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி ஒன்றைத் தொங்கவிட்டனர் என்றும், கோயிலில் வழிபாடு முடிந்ததும் முதல் மணி ஒலிக்க, அதனைக் கேட்டு அடுத்த மணி ஒலிக்க, இவ்வாறே அவ்வோசை மதுரை அரண்மனையை எட்டியது என்றும் கூறுவர். சேய்மையில் நிகழ்வதில் இருந்த இடத்திலிருந்தே பங்கு பெறுதல் என்னும் எண்ணம் இந்நாட்டு மக்களின் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இக்கதையே போதுமானது.

இரு கண்ணும் ஒரு காட்சியும்

ஆண்டாள் உள்ளத்தாற் கண்டார். மன்னர் செவியாற் கேட்டார். கண்ணையே ஏமாற்றிக் காட்சி காட்டும் முயற்சி மேலை நாடுகளில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிற்று. ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், காண்போரைச் சுற்றி வட்டமாக அமையும் பெரிய ஓவியத்தைக் கண்டறிந்து, 1787ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனைப் பனோரமா என்று வழங்கினர். நடுவே நின்று எத்திசை நோக்கினும் ஓவியத்தில் உள்ள நகரமே தோன்றும். ஓவியத்தின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது.

அடுத்த முன்னேற்றம் மனிதக் கண்களின் இயல்பை ஆராய்ந்ததால் விளைந்தது. மனிதனின் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. ஆதலின், ஒரே பொருளை வலக்கண் காணும் தோற்றத்திற்கும் இடக்கண் காணும் தோற்றத்திற்கும் சிறு வேறுபாடு இருக்கும். விரல் ஒன்றை முகத்தின் முன் நிறுத்தி, கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால், விரல் இடம் பெயர்வது போல் தோன்றும். இவ்விரு தோற்றங்களையும் மூளை ஒன்றாக்கிக்கொள்ளும்போதே, பொருள்களின் அண்மையும் சேய்மையும் திண்மையும் புலனாகின்றன. சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1838ஆம் ஆண்டில் இவ்வுண்மையை விளக்கினார். சிறிது வேறுபட்ட இரு படங்களைத் தனித்தனியே இரு கண்களுக்கும் காட்டினால், தட்டையான படமும் திரண்ட பொருளாகத் தோன்றும் என்று கருவி ஒன்றை அமைத்து மெய்ப்பித்தார். அக்கருவியே ஸ்டீரியாஸ்கோப் ஆகும்.

ஒளிப்படக் கலை வளர்ந்தபின் ஸ்டீரியாஸ்கோப் வீடுதோறும் புகுந்தது. ஜேம்ஸ் ரிக்கல்டன் என்னும் அமெரிக்கப் பள்ளியாசிரியர், பின்னாளில் ஒளிப்படக் கருவியுடன் உலகைச் சுற்றி வந்தார். இந்தியாவில் எடுக்கப்பெற்ற 100 இரட்டைப் படங்களைக் கொண்டு அவர் அமைத்த பயண நூல் 1907ஆம் ஆண்டில் வெளிவந்தது. படங்களோடு நாட்டுப்படமும் விளக்கவுரையும் இணைந்திருந்தன. பார்ப்பவர் எந்த இடத்தில் நிற்பதாகக் கொள்ள வேண்டும், அங்கிருந்து எத்திசை நோக்கி எவ்வளவு பரப்பைக் காண்கின்றார் என்பது நாட்டுப்படத்திற் குறிக்கப்பட்டிருந்தது. முதலில் உரையைப் படித்து, அடுத்து இடத்தை அறிந்து, அதன்பின் படத்தைக் காணுதல் வேண்டும் என்பது அம்முறை. ஆசிரியர் ஒருவர் கையில் அக்கருவி பாடமாகவே ஆகிவிட்டது.

தமிழகத்துத் திருவிழாக் கடைவீதிகளில் பயாஸ்கோப்புப் பெட்டி என்று ஒன்று இருந்தது. அதன் துளைகளிற் கண்ணை வைத்த சிறுவர்க்குக் காசி நகரும் டில்லிக் கோட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பெட்டிக்காரர் ஒவ்வொரு படத்திற்கும் ஏற்ப இராகத்தோடு விளக்கம் கூறுவார். படம் சிறிதாயினும், அவ்விளக்கத்தால் அது பெரிதாயிற்று.

அட்டைப் பெட்டிக்குள் உலகம்

கணிப்பொறி தோன்றிய பின்னர் இம்முயற்சி புதிய திசையிற் சென்றது. 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர், தலையில் அணிந்து பார்க்கும் காட்சிக் கருவி ஒன்றை அமைத்தார். அது மிகவும் கனமாயிருந்தமையால் கூரையிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அணிந்தவர் தலையைத் திருப்பினால், கணிப்பொறி அத்திருப்பத்தை அறிந்து, காட்சியையும் அதற்கேற்ப மாற்றிற்று. பழைய படக் கருவிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. 1978ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், ஆஸ்பென் என்னும் மலைநகரின் தெருக்களில் ஊர்தி ஒன்றைச் செலுத்தி, 10 அடிக்கு ஒரு முறை படமெடுத்தனர். பின்பு அப்படங்களைக் கணிப்பொறியில் இணைத்து, பார்ப்பவர் விரும்பிய தெருவில் விரும்பியவாறு திரும்பிச் செல்லும்படி செய்தனர். இருந்தவாறே ஓர் ஊரைச் சுற்றிவரும் கலை இங்ஙனம் பிறந்தது.

அன்று ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த பொருள் இன்று எளியவர் கைக்கும் எட்டியுள்ளது. 2014ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார், மடித்த அட்டையும் இரண்டு வில்லைகளும் கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டனர். அதனுள் கைப்பேசியைச் செருகினால் அதுவே மெய்நிகர்க் கருவியாகிவிடும். கைப்பேசியின் திரை இரு பாதியாகப் பிரிந்து, வலக்கண்ணுக்கு ஒரு படத்தையும் இடக்கண்ணுக்கு ஒரு படத்தையும் காட்டும். கைப்பேசிக்குள் அமைந்த உணர்விகள் தலையின் அசைவை அளந்து கூறும்.

இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் நிகழ்தல் வேண்டும். தலை திரும்பிய பின் காட்சி திரும்புவதற்கு, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கிற்கு மேல் காலந்தாழ்ந்தால், பார்ப்பவர்க்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றக்கூடும். உடலின் அசைவை உணரும் உறுப்பு உட்செவியில் உள்ளது. கண் நகர்கின்றோம் என்று கூற, செவி நிற்கின்றோம் என்று கூற, இரண்டிற்கும் இடையே மூளை தடுமாறுவதே அம்மயக்கத்திற்குக் காரணம். ஆதலின், இக்கருவியை நெடுநேரம் இடைவிடாது பயன்படுத்துதல் தகாது. சிறுவர் பெரியோர் துணையுடன் பயன்படுத்துதலே நன்று.

பயன்கள் பல

மெய்நிகர்ப் பயணத்தால் விளையும் நன்மைகள் சிறியன அல்ல. முதுமையாலும் நோயாலும் உடற்குறையாலும் வீட்டை விட்டு வெளிச்செல்ல இயலாதார்க்கு அது பெருந்துணையாகும். வாழ்நாள் முழுதும் காசிக்குச் செல்ல விரும்பியும் இயலாது போன மூதாட்டி ஒருத்தி, கங்கைக் கரைப் படித்துறையில் மாலை விளக்குகள் மிதப்பதைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே காண்பாளாயின், அவள் கண்ணில் துளிக்கும் நீரைப் பொய் என்று எவரும் கூறார்.

பழம்பெருமையை மீட்டுக் காட்டுதல் மற்றொரு பயன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இராசபாளையம் என்னும் நகர் உள்ளது. அந்நகரின் ராஜூக்கள், விசயநகரப் பேரரசின் காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்தவரின் வழியினர் என்பது மரபு. அப்பேரரசின் தலைநகராகிய ஹம்பி, 1565ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாழாயிற்று. சாரா கெண்டர்டைன், ஜெஃப்ரி ஷா என்னும் இருவர் அப்பாழ்நகரின் காட்சிகளை இருகண் படங்களாக எடுப்பித்து, 2006ஆம் ஆண்டில் பெரியதொரு மெய்நிகர்க் கண்காட்சியை அமைத்தனர். வட்டத்திரையின் நடுவே சுழலும் மேடையில் நிற்பவர், துங்கபத்திரைக் கரையின் பாறைகளிடையே தாமே நிற்பதாக உணர்ந்தனர். முன்னோர் விட்டுவந்த நகரை, முந்நூறு நானூறு ஆண்டுகள் கழித்து வழித்தோன்றல் காண்பதற்கு இத்தகைய கருவி வழிகோலுகின்றது.

காத்தல் மூன்றாம் பயன். பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையில் உள்ள பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள் 1940ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டன. காண வந்த மக்களின் மூச்சுக் காற்றாலேயே அவை கெடத் தொடங்கியமையின், 1963ஆம் ஆண்டில் குகை மூடப்பட்டது. இன்று மக்கள் அவ்வோவியங்களை மறுபடிவங்களின் வாயிலாகவே காண்கின்றனர். பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றறிஞர் ஆண்ட்ரூ டாலன் என்பார் 2010ஆம் ஆண்டில் லேசர் ஒளியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து பதிவு செய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவ்வாலயத்தின் கூரை தீயில் எரிந்தது. டாலன் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆயினும், அவர் விட்டுச்சென்ற அளவுகள் மீண்டும் கட்டுவோர்க்குத் துணைநின்றன. 2024ஆம் ஆண்டு இறுதியில் ஆலயம் மறுபடியும் திறக்கப்பட்டது.

மனிதர் புகலாகாத இடங்களைக் காட்டுதலையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காடு, சாம்பல் நிற மலை அணில்களைக் காக்கும்பொருட்டு 1988ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் அது மேகமலைக் காட்டுடன் சேர்க்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று. அத்தகைய காட்டின் உட்பகுதிக்கு ஆயிரக்கணக்கானோர் சென்றால் விலங்குகள் அஞ்சி அலையும். ஒரு கருவி சென்று வந்தால் போதும். ஓராயிரம் மாணவர் வகுப்பில் இருந்தவாறே கிளைவிட்டுக் கிளை தாவும் அணிலைக் காணலாம். அங்கே செல்லாதிருத்தலே அக்காட்டிற்குச் செய்யும் உதவியாகும்.

கருவிக்கு எட்டாதவை

இத்துணைப் பயன்கள் இருப்பினும், கருவிக்கு எட்டாதன சில உள. ஓர் ஊரின் பண்பாடு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டாள் திருமேனியின் கையில் விளங்கும் கிளியை எண்ணுக. மாதுளம்பூவை அலகாகவும் மரவள்ளி இலையை உடலாகவும் கொண்டு, நாள்தோறும் புதிதாக அது கைவேலையாற் செய்யப்படுகின்றது. ஒருமுறை எடுத்த படத்தில் ஒரு நாளின் கிளியே இருக்கும். மறுநாள் அது வாடும் என்பதும், வாடுமுன் மற்றொன்று பிறக்கும் என்பதும், அதற்காக ஒருவர் ஒவ்வொரு நாளும் இலை தேடிப் பறிக்கின்றார் என்பதும் படத்தில் இல்லை. புரட்டாசியில் திருப்பதித் திருவிழாவிற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை அனுப்பப்படுகின்றது. அம்மாலையின் நிறத்தைக் கருவி காட்டும், மணத்தைக் காட்டாது.

ஆடிப்பூரத் தேரோட்டமும் அத்தகையதே. தேர் அசைந்து வருவதைப் படத்திற் காணலாம். வடத்தின் சொரசொரப்பும், ஆயிரம் கைகள் ஒருங்கே இழுக்கும்போது தோளில் ஏறும் திண்மையும், முன்பின் அறியாத ஒருவர் பக்கத்தில் நின்று தரும் தண்ணீரும் படத்திற் கிடையா. அவ்வூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. விறகடுப்பில் பால் சுண்டச் சுண்டக் கிண்டுவதைக் கருவி காட்டக்கூடும். நாவில் இனிப்பூட்டல் அதற்கு இயலாது. காண்பதும் வாழ்வதும் ஒன்றாகா.

மற்றொரு குறையும் உண்டு, அது நுட்பமானது. எப்படத்திற்கும் எடுத்தவர் ஒருவர் உளர். அவர் நின்ற இடம் ஒன்று உளது. 1799ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கித் திப்பு சுல்தானை வீழ்த்திற்று. அடுத்த ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் ஓவியர் அப்போரைப் பேரோவியமாகத் தீட்டி இலண்டன் மாநகரிற் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு வந்து, போர்க்களத்தில் தாமே நிற்பதாக எண்ணி மெய்சிலிர்த்தனர். ஆயினும், அவர்கள் நின்றது வென்றவர் பக்கத்தில். கோட்டையின் உள்ளிருந்தவர் கண்ட காட்சி அவ்வோவியத்தில் இல்லை. காட்சி எத்துணைத் தெளிவாக இருக்கின்றதோ அத்துணை எளிதாக அதனை முழு உண்மை என்று நம்பிவிடுகின்றது உள்ளம். ஆதலின், எக்காட்சியைக் காணினும், இதனைக் காட்டியவர் யார், எங்கே நின்று காட்டினார், எதனைக் காட்டாது விட்டார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பக் கற்றல் வேண்டும்.

காட்டுபவர் ஆதல்

இராசபாளையத்தை அயலூரார் ஒருவர் படமெடுப்பதாகக் கொள்வோம். மேற்கே நீலநிறத்தில் நிற்கும் மலையையும், அஞ்சல்தலையில் இடம்பெற்ற வெண்ணிற வேட்டைநாயையும் அவர் எடுத்துச் செல்வார். அவை எடுக்கத்தக்கனவே. ஆனால், 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூலாலையிலிருந்து வளர்ந்த நூற்பாலைத் தொழிலை அவர் அறிவாரா? அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மெல்லிய துணி, எங்கோ உள்ள மருத்துவமனையில் ஒரு காயத்தைக் கட்டுகின்றது என்பது அவர் படத்தில் இருக்குமா? 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்திற்கு வழங்கினார். அம்மன்றத்தின் சுவர்களைப் படமெடுத்தல் எளிது. வீட்டைக் கொடுத்த உள்ளத்தை எடுத்துரைக்க அவ்வூரை அறிந்த ஒருவர் வேண்டும்.

ஓர் ஊரின் சிறப்பை அவ்வூர் மக்களே எடுத்துக் காட்டாவிடின், அயலார் கண்டதே அவ்வூர் என்றாகிவிடும். அயலாரின் முயற்சி என்றும் நிலைத்திருக்கும் என்று நம்பியிருத்தலும் ஆகாது. பள்ளி மாணவர்க்கென 2015ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தொடங்கிய மெய்நிகர்ச் சுற்றுலாத் திட்டம் 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் காட்சிகள் பல வேறு தளத்திற்கு மாற்றப்பட்டன. பிறர் திறந்த கதவைப் பிறரே மூடவும் கூடும். ஆதலின், மாணவர் காண்பவராக மட்டும் இராமல் காட்டுபவராகவும் ஆதல் வேண்டும். தம் தெருவின் பெயர் வந்த வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுதல், கோயில் மண்டபத்துச் சிற்பம் ஒவ்வொன்றும் எக்கதையைக் கூறுகின்றது என்று அறிந்து குறித்தல், கைத்தொழில் செய்வோர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைத் தொகுத்தல் ஆகியவை இன்றே தொடங்கத்தக்க பணிகள். இவை இல்லாத படம், விளக்கம் கூறுவார் இல்லாத பயாஸ்கோப்புப் பெட்டியைப் போன்றதாகும்.

அறியாது காண்பதால் நேரும் இழப்புப் பெரிது. பாரிசு நகரத்து இரும்புக் கோபுரத்தைக் கருவியில் பலமுறை கண்டு களித்த ஒரு மாணவன், 12 கிலோமீட்டர் தொலைவில் 11 நிலைகளோடு ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் கீழ் ஒருநாளும் நின்றதில்லை எனில், அவன் உலகைக் கண்டவன் ஆகான். சேய்மையைக் காட்டும் கருவி அண்மையை மறக்கச் செய்யுமாயின், அக்கருவியால் அவன் பெற்றதினும் இழந்ததே மிகுதி.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. ஆண்டாள் மாலையைச் சூடி அக்கிணற்று நீரில் தம் உருவைக் கண்டு மகிழ்ந்தார் என்று கூறுவர். இன்றும் அக்கிணற்றை எட்டிப் பார்ப்பவர்க்குத் தம் முகமே தோன்றும். மெய்நிகர்க் கருவியும் அத்தகையதே. கற்றவன் அதனுட் கற்றதைக் காண்பான். கல்லாதவன் வண்ணங்களை மட்டும் காண்பான். ஆய்ப்பாடியைத் தம் ஊரிற் கண்ட ஆண்டாளுக்குக் கருவி ஒன்றும் இருந்ததில்லை; உள்ளத்தின் ஆயத்தமே இருந்தது. இன்றைய மாணவர்க்குக் கருவி கிடைத்துள்ளது. ஆயத்தத்தை அவரே தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

செல்ல இயலாதார்க்கு இக்கருவி கண்ணாக விளங்கட்டும். செல்ல இயன்றார்க்கு அது பழைய பாணனைப் போல வழிகாட்டி, "எழுக, சென்று காண்க" என்று தூண்டட்டும். அவ்வாறு தூண்டப்பெற்று எழுந்து நடப்பவனுக்கே, அது புதியதோர் ஆற்றுப்படையாகும்.